நீலகிரிக்கு எரிவாயு: குழாயா, லாரியா, சிலிண்டரா?

கொச்சி முனையத்தில் கப்பலில் வந்து இறங்கும் எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய இயற்கை எரிவாயு) மறுபடி வாயுவாக மாறி, கூற்றநாடு, வாளையார் வழியாகக் கோவைப் பக்கம் வரைக்கும் குழாயில் வந்துவிட்டது. அங்கிருந்து மேட்டுப்பாளையம் கூப்பிடு தூரம். அப்புறம் குன்னூர், கோத்தகிரிக்காரர்கள் 'அடுத்தது நமக்குத்தானே' என்று கேட்பதில் வியப்பில்லை. வரலாம். ஆனால் யாருக்கு, எந்த வடிவத்தில், என்ன விலைக்கு வரும் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. மலையில் வாயுவை நிறைய வாங்கி எரிக்கக்கூடிய ஆள் தேயிலை ஃபேக்டரி. நம் நாட்டுக் கொள்கையோ வீட்டுச் சமையலறையை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இந்த இரண்டும் பொருந்தாமல் போகிற இடத்தில்தான் குழாய், லாரி, சிலிண்டர், மின்சாரம், விறகு ஐந்தையும் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

முதலில் வாயு எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தியா வாயு எடுக்கும் நாடுதான், ஆனால் நாம் எரிப்பதில் பாதியளவு இறக்குமதி. தமிழ்நாட்டுக்குள்ளேயே காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி கிணறுகள் இருக்கின்றன. குத்தாலம், திருமாக்கோட்டை, வழுதூர் மின் நிலையங்கள் அந்தப் படுகையின் வாயுவை நம்பி வந்தவை. கிணற்றுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் காலமெல்லாம் சமைத்ததோ சிலிண்டரில். நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017-ல் எழுந்த கோபத்துக்கு நிலம், தண்ணீர் பற்றிய பயமே முதல் காரணம். பலன் வேறு எங்கோ போகிறது என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது என்பது என் கணிப்பு. 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டம் வந்த பிறகு, அங்கே புதுக் கிணறு என்ற பேச்சு சுலபமில்லை. ஆக, நீலகிரிக்கு வரப்போவது டெல்டா வாயு என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரும்பாலும் கப்பல் வாயு, கப்பல் விலை.

குழாயை எடுத்துக்கொள்வோம். நகர எரிவாயு உரிமத்தை ஒழுங்குமுறை வாரியம் பகுதி பகுதியாக ஏலம் விடுகிறது. 2018-ல் நடந்த ஒன்பதாவது சுற்றில் ஏல மதிப்பெண்ணில் பாதி, எட்டு ஆண்டுகளில் எத்தனை வீட்டு இணைப்பு தருவேன் என்ற வாக்குறுதிக்கு. சிஎன்ஜி (வண்டிகளுக்கு அழுத்தி நிரப்பும் வாயு) நிலையங்களுக்கு 20 சதவீதம், குழாய் நீளத்துக்கு 10, மிச்சம் கட்டணத்துக்கு. ஜெயித்தவருக்கு 25 ஆண்டுக்குக் குழாய் போடும் தனியுரிமை. சமவெளியும் மலையும் ஒரே பகுதிக்குள் சேர்ந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். வீட்டு எண்ணிக்கையைச் சமவெளி நகரத்திலேயே நிரப்பிவிடலாம். மலைக்கு ஏறாவிட்டாலும் கணக்கு நேராகிவிடும். இதை யாருடைய கெட்ட எண்ணம் என்றும் சொல்ல முடியாது, மதிப்பெண் போட்ட விதம் அப்படி.

வாயுவைப் பொறுத்தவரை ஏற்றம் ஒரு பிரச்சினையே இல்லை என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீரை மேலேற்றப் பம்பு வேண்டும். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன், காற்றை விட லேசு, தானாகவே மேலே போகும். சிக்கல் மண்ணில் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சுமார் 1,500 மீட்டர் ஏற்றம், 14 கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். 2009 நவம்பர் மழையில் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்தச் சாலையோரம் இரும்புக் குழாயைப் புதைத்தால் சரிவு வரும் ஒவ்வொரு ஐப்பசியிலும் வால்வை மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாலையை விட்டுக் காட்டு வழியே போனால் வன அனுமதி. தோட்டத்து வழியே போனால் 1962-ம் ஆண்டுக் குழாய்வழிச் சட்டப்படி நிலம் உங்களுடையதாகவே இருக்கும், ஆனால் குழாய் போகும் பட்டையில் மரம் வைக்கக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது. இதே சட்டத்தின் கீழ் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்ட விவசாயிகள் மத்திய அரசு எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாயை எதிர்த்துப் போராடினார்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் கெயில் பக்கம் தீர்ப்புச் சொல்லியும் வேலை விறுவிறுவென நடந்துவிடவில்லை. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருக்கும் படுகர் ஹட்டிகளில் (ஊர்களில்) இந்தப் பேச்சை எடுத்துப் பாருங்கள், பதில் என்னவாக இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குழாய் பக்கம் நியாயமாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. மார்கழி, தை விடியலில் ஊட்டியில் சிலிண்டர் அடுப்பு மந்தமாகிவிடும். எல்பிஜி என்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. பியூட்டேன் கொதிப்பதே பூஜ்ஜியம் டிகிரிக்குச் சற்றுக் கீழே. தலைகுந்தாவில் உறைபனி விழுகிற காலையில், பாதிக்கு மேல் தீர்ந்த சிலிண்டரில் மிஞ்சுவது பெரும்பாலும் இந்தப் பியூட்டேன்தான். தீ நீலமாக எழும்பாமல் சுருண்டு கிடக்கும், இட்லிப் பானை ஆவி விட அரை மணி நேரம். சிலிண்டரை வெந்நீர் வாளிக்குள் இறக்குகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். குழாய் வாயுவுக்கு இந்தத் தொல்லை கிடையாது. கசிந்தாலும் தரையில் தேங்காமல் மேலே போய்விடும். ஆனால் ஜன்னலை இறுக மூடி வைக்கும் மலை வீட்டில் கூரையடியில் தேங்கலாம், மேலே காற்றுவழி வேண்டும்.

ஆனாலும் வீட்டுக்கு என் வாக்கு சிலிண்டருக்குத்தான், துணைக்கு இண்டக்‌ஷன் அடுப்பு. 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் குழாய் வாயுவில் ஏறத்தாழ 18 கன மீட்டர். அதே சமையலை இண்டக்‌ஷனில் செய்தால் 130, 140 யூனிட் போகும். பைக்காரா மின் நிலையம் 1932-லிருந்து ஓடுகிறது, குந்தாவும் மாயாறும் பின்னால் வந்தன. இந்த மாவட்டம் தானே தயாரிக்கும் எரிபொருள் என்றால் அது மின்சாரம்தான். காற்று மழையில் கற்பூர மரம் கம்பி மேல் விழுந்து ஒரு நாள் கரண்ட் போனால் சிலிண்டர் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து ஒன்றின் குறையை மற்றது அடைத்துவிடும். கூடலூர்ப் பக்கம் ஜென்ம (பழைய நிலப்பிரபு) நிலச் சிக்கலில் பட்டா இல்லாத வீடுகள் ஏராளம், மின் இணைப்புக்கே அவர்கள் படும் பாடு ஊருக்குத் தெரியும். அங்கே போய்க் குழாய் இணைப்பு என்றால் சிரிப்பார்கள். எஸ்டேட் லைன் வீடுகள் கதையும் ஏறக்குறைய அதுதான்.

இனி ஃபேக்டரிக்கு வருவோம், விஷயம் இங்கேதான் கிடக்கிறது.

நாலு, நாலரைக் கிலோ பச்சை இலை ஒரு கிலோ தூளாகும். ட்ரஃப்பில் (அடியிலிருந்து காற்று ஊதும் நீளத் தொட்டி) பரப்பி வாடவிட, அப்புறம் அரைத்துப் புளித்த இலையை ட்ரையரில் காய வைக்க, இரண்டுக்கும் சூடான காற்று வேண்டும். அந்தச் சூட்டைத் தருவது விறகு ஹீட்டர். கிலோ தூளுக்குக் கிலோவுக்கு மேல் விறகு ஆகும். ஆடி மழையில் இலையும் ஈரம், கட்டையும் ஈரம். ஹீட்டர் வாயைத் திறந்து கட்டையைத் தள்ளுகிறவர் புகையில் கண் சிவந்து நிற்பார். கட்டையின் முனையில் தண்ணீர் கொதித்து நுரை தள்ளும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே விறகில் ஒரு பங்கு வீண். ட்ரையர் சூடு ஏறி இறங்கும், தூளின் தரமும் ஏலத்தில் அதன் விலையும் கூடவே இறங்கும். வாயு பர்னர் வைத்தால் சூடு ஒரே சீராக நிற்கும், குமிழைத் திருப்பினால் போதும். தரத்துக்காக மட்டும் பார்த்தால் வாயுவுக்கு நிகரில்லை.

விலைதான் இடிக்கிறது. காய்ந்த விறகில் கிலோவுக்கு 3,500 கிலோ கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள், வாயுவில் கன மீட்டருக்கு 8,500-லிருந்து 9,000. விறகு ஹீட்டர் வீணாக்குவதையும் சேர்த்தால், ஒரு கன மீட்டர் வாயு சுமார் நாலு கிலோ விறகின் வேலையைச் செய்யும். 2023 ஏப்ரலில் அரசு தன் பழைய வயல்களின் வாயுவுக்கு வைத்த உச்சவரம்பு, பத்து லட்சம் பிடியுவுக்கு (பிடியு வெப்பத்தை அளக்கும் அலகு) 6.5 டாலர். ரூபாயில் மாற்றினால் கன மீட்டருக்கு ஏறத்தாழ இருபது ரூபாய். இது கிணற்றடி விலை. இதன் மேல் குழாய்க் கட்டணம், விநியோகக் கட்டணம், வரி. அதாவது அந்த மலிவு வாயுவே கிடைத்தாலும், விறகு கிலோ ஐந்து ரூபாய்க்குக் கீழே இருக்கும்வரை ஃபேக்டரி முதலாளி திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் அந்த மலிவு வாயு ஃபேக்டரிக்குக் கிடைக்காது! ஒதுக்கீட்டில் முதல் உரிமை வீட்டு அடுப்புக்கும் வண்டிக்கும். ஃபேக்டரி வாங்குவது கப்பல் வாயு. போதாததற்கு, இயற்கை எரிவாயு இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. அதில் கட்டும் வாட் வரியைத் தூளின் ஜிஎஸ்டியில் கழிக்க வழியில்லை. விறகுக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

வீட்டுக்கு முன்னுரிமை தருவது தப்பா என்று கேட்கலாம். வங்கதேசத்தைப் பாருங்கள். 1960-களில் தித்தாஸ் வயலைக் கண்டுபிடித்தார்கள், டாக்கா வீடுகளுக்குக் குழாய் போட்டார்கள். மீட்டர் இல்லை, இரண்டு பர்னருக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம். தீக்குச்சியை மிச்சப்படுத்த அடுப்பை அணைக்காமலே விட்டவர்களைப் பற்றிய பேச்சு அங்கே வெகு பிரபலம். 2009, 2010 வாக்கில் புது வீட்டு இணைப்பை நிறுத்த வேண்டி வந்தது, 2018-ல் அவர்களும் எல்என்ஜி இறக்குமதியில் இறங்கினார்கள். நம்மவர்கள் மீட்டர் வைத்ததால் அந்த அளவுக்குப் போகாது. ஆனாலும் ஒரு வீடு மாதம் பத்துப் பதினைந்து கன மீட்டர் எரிக்கும் இடத்தில், நாளைக்கு ஆயிரம் எரிக்கிற ஃபேக்டரிதான் குழாய்ச் செலவைச் சுமக்க முடியும். அதைக் கடைசி வரிசையில் நிறுத்தினால் மலைக்குக் குழாய் வருவதற்கான காரணமே போய்விடுகிறது.

லாரி இந்த முடிச்சை ஓரளவு அவிழ்க்கிறது. இதில் இரண்டு வகை. எல்என்ஜியை மைனஸ் 162 டிகிரியில் டேங்கரில் கொண்டுவருவது ஒன்று. நீளமான டேங்கர் பர்லியாறு தாண்டி வளைவுகளில் திரும்பித் தொலைய வேண்டும். இலை வராத வாரங்களில் தொட்டியில் கிடக்கும் வாயு மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். மலைக்கு இது வேண்டாம். இன்னொன்று, கீழே அழுத்திய சிஎன்ஜியைச் சிலிண்டர் அடுக்குகளாகச் சின்ன லாரியில் ஏற்றி அனுப்புவது. ஒரு லாரியில் 400 கிலோ, அதாவது 550 கன மீட்டர் வரும். நாளைக்கு 3,000 கிலோ தூள் போடும் ஃபேக்டரி கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ விறகு எரித்தால், அதற்கு ஈடு 1,100 கன மீட்டர் சொச்சம். இரண்டு நடை ஏறக்குறைய போதும். சாலை அடைபட்டால் லாரி நிற்கும், அன்றைக்குப் பழைய விறகு ஹீட்டரைப் பற்ற வைத்துக்கொள்ளலாம். மண்ணைத் தோண்ட வேண்டாம், யாருடைய தோட்டத்திலும் பட்டை போட வேண்டாம்.

என் வரிசை இப்படி: ஃபேக்டரிகள் முதலில் விறகைக் கூரைக்குள் அடுக்கிக் காய வைத்துப் பிளந்து எரிக்கட்டும். செலவு கம்மி, மிச்சம் கைமேல். அதன் பிறகு இன்கோசர்வ் கூட்டுறவு ஃபேக்டரிகளில் ஒன்றிரண்டில் ட்ரையருக்கு மட்டும் லாரி வாயு வைத்துப் பார்க்கலாம், வாடவிடும் வேலைக்கு விறகே போதும். இந்த மலைகளில் மண்டிக் கிடக்கும் சீகை (வாட்டில்) என்ற அயல் மரத்தை அகற்றச் சொல்கிறார்கள், அந்தக் கட்டையும் எங்கேயாவது எரியத்தானே வேண்டும். அரசு பக்கத்தில் செய்ய வேண்டியது, ஏல மதிப்பெண்ணில் மலைக்குத் தனிக் கணக்கும், ஃபேக்டரிக்கு மலிவு வாயுவில் ஒரு சிறு பங்கும்.

கொடைக்கானல் வேறு ரகம். அங்கே தேயிலை ஃபேக்டரி கிடையாது, எரிப்பவை ஹோட்டல்களும் விடுதிகளும். வணிக சிலிண்டருக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறவர்கள் அவர்கள், ஆகவே லாரி வாயு அவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே கட்டுப்படியாகலாம். ஊட்டியிலும் குன்னூரிலும் பெரிய ஹோட்டல், மருத்துவமனை, வெலிங்டன் கன்டோன்மென்ட் போன்ற இடங்களில் ஒரு லாரி நிலையம் வைத்து அதைச் சுற்றிச் சின்னக் குழாய் வலை போடலாம். முழு ஊருக்கும் வேண்டியதில்லை.

அப்படி எங்கேயாவது இணைப்பு எடுக்கிறவர்கள், விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேளுங்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். வீட்டுக்கு வரும் வாயுவின் அழுத்தம் வெளிக்காற்றை விட 21 மில்லிபார்தான் கூடுதல், ஆகவே அதுவும் ஏறக்குறைய அதே அளவுக்கு அடர்த்தி குறைந்துதான் இருக்கும். சாதாரண மீட்டர் கொள்ளளவை மட்டும் எண்ணும். ஊட்டியில் அது காட்டும் ஒரு கன மீட்டரில் கோவையில் இருப்பதை விடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வாயு குறைவு. உயரத்துக்கான திருத்தம் பில்லில் போடுவீர்களா, எந்த எண்ணை வைத்துப் போடுவீர்கள் என்று எழுத்தில் வாங்குங்கள்.