டூரின்ல வாங்கின வெர்மூத் கிட்: மூலிகைக்கு முழு மார்க், கூட வந்த பேப்பருக்கு மார்க் கிடையாது

நாலு வருஷமா இத்தாலில டூரின்லதான் இருக்கேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல எந்த பார் பக்கம் போனாலும் வெளிய போட்டிருக்கற டேபிள் மேல செம்பழுப்பு கலர்ல ஒரு கிளாஸ், அதுல ஐஸ், ஒரு ஆரஞ்சு துண்டு, பக்கத்துல கிண்ணத்துல ஆலிவ் இருக்கும், அதுதான் வெர்மூத். வைன்ல கசப்பு மூலிகை, மசாலா எல்லாம் ஊறவெச்ச சாறு கலந்து, கொஞ்சம் ஸ்பிரிட்டும் சர்க்கரையும் சேர்த்து பண்ற சரக்கு. 1786ல அன்டோனியோ பெனெடெட்டோ கார்பானோ இத விக்க ஆரம்பிச்ச கடை இந்த ஊர் பியாஸ்ஸா காஸ்தெல்லோ சதுக்கத்துக்கிட்டதான் இருந்துச்சு, நான் வேலைக்கு போற வழி அது. அதனால வீட்ல ஒரு தடவையாவது நாமளே பண்ணிப் பாக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.

போர்த்தா பலாஸ்ஸோ சந்தை பக்கத்துல ஒரு எர்போரிஸ்தெரியா இருக்கு, நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடை மாதிரியே, சுவர் பூரா மர டிராயர், உள்ள நுழைஞ்சதும் அதே வாசனை. கடை பேர் வேணாம், ஏன்னா குறையும் சொல்லப் போறேன். அங்க ‘வீட்டு வெர்மூத் கிட்’னு ஒரு டப்பா 26 யூரோவுக்கு வெச்சிருந்தாங்க. உள்ள 11 சின்ன பேப்பர் பொட்டலம், ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடி, வடிகட்ட மல் துணி, செய்முறை எழுதின ஒரு தாள். வைனும் ஆல்கஹாலும் நாமதான் வாங்கிக்கணும். இங்க சூப்பர் மார்க்கெட்லயே 95 சதவீத ஆல்கஹால் பாட்டில் கிடைக்குது, வீட்ல லிக்கர் போடறவங்களுக்குன்னே விக்கறாங்க. இதுல சாராயம் காய்ச்சற வேலை எதுவும் கிடையாது, ஊறப்போடறது மட்டும்தான்.

மொதல்ல மூலிகை பத்தி சொல்லிடறேன், அது உண்மையிலேயே நல்லா இருந்துச்சு. ‘அசென்ஸியோ’னு எழுதின பொட்டலத்த பிரிச்சேன், இங்கிலீஷ்ல வார்ம்வுட்னு சொல்ற கசப்பு மூலிகை அது, சாம்பல் கலந்த வெள்ளி நிறத்துல காஞ்ச இலை, விரல்ல லேசா கசக்கி மோந்தா சட்டுனு மரிக்கொழுந்து ஞாபகம். அப்படியே அதே வாசனைன்னு சொல்ல மாட்டேன், இது இன்னும் காரமா, மூக்குக்குள்ள ஏறற மாதிரி இருக்கு, ஆனா சொந்தக்காரங்கன்னு உடனே தெரிஞ்சுது. அப்புறம் தேடிப் பாத்தா நெஜமாவே ரெண்டும் ஆர்ட்டெமிசியா இனம்தான், மரிக்கொழுந்து ஒரு வகை, இது இன்னொரு வகை. வெர்மூத்ங்கற பேரே இந்த செடியோட ஜெர்மன் பேர்ல இருந்து வந்ததுதான், ஆர்ட்டெமிசியா இனத்துல எதாவது ஒண்ணு இல்லாம பண்ணா ஐரோப்பிய சட்டப்படி வெர்மூத்னு பேர் வைக்க முடியாது. அடுத்த பொட்டலம் மஜ்ஜோரானா, அது நம்ம மரு. கதம்பத்துல அம்மா தலைல வெச்சுக்கிட்ட மருவும் மரிக்கொழுந்தும் இந்த ஊர் கிளாஸ்க்குள்ள ஜோடியா உக்காந்திருக்குன்னு நெனச்சப்போ எனக்கு கண்ணு கலங்கிடுச்சு, உண்மையா சொல்றேன்.

மத்ததுல ஜென்ஷியன் வேர் அருமை. பாக்க அதிமதுரத் துண்டு மாதிரி இருக்கும், தெரியாம வாயில போட்டு மென்னுடாதீங்க, நான் மென்னேன், அரை மணி நேரம் எத சாப்பிட்டாலும் கசப்புதான். ஐரிஸ் வேர் மாவு மாதிரி மெல்லிசா பூ வாசனை. கசப்பு ஆரஞ்சுத் தோல் உள்பக்க வெள்ளைய நல்லா சீவி காயவெச்சது, அதுலயே அவங்க அக்கறை தெரியுது. ஏஞ்செலிகா வேர், சேஜ், கிராம்பு எல்லாம் ஓகே. ரெண்டே ரெண்டுதான் சரியில்ல. பட்டை தடிமனான கட்டைப் பட்டை, சுருள் பட்டை போட்டிருக்கலாம். ஏலக்காய் வெளுத்துப் போயி உள்ள விதை சுருங்கி இருந்துச்சு, வாசனையே இல்ல. எங்க ஊர் போடி பக்கம், ஏலக்காய் ஏலம் நடக்கற ஊர்ல வளந்துட்டு இத என்னால ஏத்துக்கவே முடியல, அம்மா குடுத்தனுப்பின டப்பாவுல இருந்து பச்சையா நாலு காய் எடுத்துப் போட்டுக்கிட்டேன்.

இப்ப குறை. அந்தத் தாள்ல என்ன எழுதியிருக்குன்னா, 11 பொட்டலத்தையும் ஒரே ஜாடியில கொட்டி ஆல்கஹால் ஊத்தி 21 நாள் ஊறவிட்டு, வடிகட்டி வைன்ல கலக்கணுமாம். நானும் அப்படியே பண்ணேன். மூணு வாரம் தெனம் ஆபீஸ்ல இருந்து வந்து ஜாடிய குலுக்கி வெச்சேன். வடிச்சு, கலந்து, ஒரு ஸ்பூன் வாயில வெச்சா நிலவேம்பு கஷாயம் மாதிரி கசப்பு, அதுக்கு மேல கிராம்பு, வேற எதுவுமே தெரியல. சர்க்கரை ஏத்தி பாத்தேன், கசப்பு குறையல, திகட்டல் மட்டும் கூடுச்சு. ஒரு பாட்டில் வைனும் மூணு வாரமும் போச்சு, காசு குடுத்து வாங்கறவங்களுக்கு இப்படி ஒரு தாள எழுதிக் குடுக்கறது தப்பு.

திரும்ப கடைக்கே போயி சொன்னேன். கவுன்டர்ல இருந்த வயசானவர் தாள வாங்கிப் படிச்சுட்டு தலைய ஆட்டினார், "கசப்ப தனியா போடு தம்பி, அதுக்கு ரெண்டு நாள் போதும், கடைசியா நாக்குக்கு கேட்டு சேத்துக்கோ"ன்னார். அவர் இத்தாலியன்ல சொன்னத நான் தமிழ்ல எழுதறேன், ஆனா தோள்ல தட்டி சொன்ன விதம் அப்படியே தம்பின்னு கூப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு. அந்த ஒரு வரி தாள்ல இருந்திருந்தா இந்த கிட்டுக்கு அஞ்சு ஸ்டார் குடுத்திருப்பேன்.

ரெண்டாவது தடவை பண்ணதுதான் சரியா வந்துச்சு, அளவோட சொல்றேன். 100 மில்லி ஆல்கஹால்ல 80 மில்லி தண்ணி கலந்து மூணு சின்ன பாட்டில்ல சமமா பிரிச்சேன். மொத பாட்டில்ல அசென்ஸியோ ஒன்றரை கிராம், ஜென்ஷியன் ஒரு கிராம், ரெண்டே நாள். ரெண்டாவதுல ஏலக்காய் நாலு, பட்டை ரெண்டு அங்குலம், கிராம்பு ரெண்டுக்கு மேல வேணாம், கொத்தமல்லி விதை ஒரு ஸ்பூன் லேசா இடிச்சது, ஜாதிக்காய் கொஞ்சம் துருவி, ஏஞ்செலிகாவும் ஐரிஸும் ஒரு சிட்டிகை, இது ஒரு வாரம். மூணாவதுல ஆரஞ்சுத் தோல், மரு, சேஜ், சாமந்தி மாதிரி இருக்கற கேமோமில் பூ, நாலு நாள். தனித்தனியா காபி ஃபில்டர் பேப்பர்ல வடிச்சுக்கணும், கூட வந்த மல் துணியில பொடி இறங்கி கலங்கலா வருது.

சிவப்பு வெர்மூத்னா சிவப்பு வைன்ல பண்றாங்கன்னு நெறைய பேர் நெனக்கறாங்க, பெரும்பாலும் அது வெள்ளை வைன்தான், நிறம் வர்றது சர்க்கரைய கருக்கறதுல. இந்தப் பக்கம் பழைய காலத்துல கனெல்லி ஊர் மொஸ்காத்தோ வைன் போடுவாங்க, நான் 5 யூரோ கொர்தேசேங்கற வெள்ளை வைன் ஒரு பாட்டில், 750 மில்லி, எடுத்தேன். வாசனை ரொம்ப இல்லாத வைனா இருந்தா போதும். 150 கிராம் சர்க்கரைய அடிகனமான பாத்திரத்துல தண்ணி இல்லாம சின்ன தீயில வெச்சு, ஓரம் உருகி, மஞ்சளாகி, தேன் நிறம் தாண்டி, பழைய செம்பு நிறம் வந்து லேசா ஒரு கோடு புகை எழும்பற நேரம் அடுப்ப அணைச்சுடணும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் விட்டா கருகின கசப்பு வந்துடும். அணைச்ச உடனே 50 மில்லி சூடு தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும், பொங்கித் தெறிக்கும், கைய தூர வெச்சுக்கோங்க, முழுக்கை சட்டை போட்டுக்கோங்க. பச்சத்தண்ணி ஊத்தினா பாகு கல்லா இறுகிடும்.

ஆறினதும் வைன்ல பாகு, மசாலா சாறு, பூவும் தோலும் ஊறின சாறு மூணையும் கலந்துட்டு, கசப்பு சாற மட்டும் ஒரு ஸ்பூன் ஊத்தி ருசி பாத்து, திரும்ப ஒரு ஸ்பூன் ஊத்தி ருசி பாத்துன்னு போனேன். அஞ்சாவது ஸ்பூன் வரைக்கும் இனிப்பு ஜூஸ் மாதிரிதான் இருந்துச்சு, எட்டாவதுல நாக்கோட ரெண்டு ஓரமும் இறுகி, இனிப்பு பின்னாடி போயி, வெர்மூத் ஆயிடுச்சு. அங்க நிறுத்திட்டேன், மீதிய தனியா வெச்சிருக்கேன், சோடாவுல நாலு சொட்டு விட்டா அதுவே நல்லா இருக்கு. கணக்குப் போட்டா ஆல்கஹால் பதினாறரை சதவீதம் கிட்ட வருது, டூரின் வெர்மூத்னு விக்கணும்னா 16ல இருந்து 22க்குள்ள இருக்கணும், அதுக்குள்ளதான் இருக்கு. ரெண்டு வாரம் ஃபிரிட்ஜ்ல சும்மா விட்டுட்டேன், மசாலா எல்லாம் ஒண்ணோட ஒண்ணு அடங்கி வர அந்த நாள் வேணும், மொத நாள் குடிச்சதுக்கும் பதினஞ்சாம் நாள் குடிச்சதுக்கும் நெறைய வித்தியாசம்.

நெக்ரோனி காக்டெய்ல் போட்டு பாத்தோம், ஜின், கம்பாரிங்கற சிவப்பு கசப்பு லிக்கர், வெர்மூத் மூணும் 30 மில்லி. கடையில வாங்கின ஒரு நல்ல வெர்மூத் போட்டு இன்னொரு கிளாஸ், எது எதுன்னு சொல்லாம ரூம்ல இருக்கற தம்பிக்கும் பக்கத்து ஃபிளாட் அக்காவுக்கும் குடுத்தேன். கடை பாட்டில்தான் வழவழப்பா இருக்கு, ஆனா இதுல கடைசியா ஏலக்காய் வருதே, இன்னும் கொஞ்சம் ஊத்துன்னு அக்கா கேட்டாங்க. எனக்கும் அதே கருத்து, கம்பாரியோட சேரும்போது வீட்டு வெர்மூத் கொஞ்சம் அமுங்கித்தான் போகுது. வெறும் ஐஸ், சோடா, ஆரஞ்சு துண்டு போட்டு குடிக்கறப்பதான் அதோட முழு முகம் தெரியுது. விஸ்கி ரெண்டு பங்கு, இது ஒரு பங்குன்னு மன்ஹாட்டன் காக்டெய்ல் போட்டதும் ரொம்ப நல்லா வந்துச்சு, பட்டையும் ஜாதிக்காயும் விஸ்கியோட நல்லா ஒட்டுது.

ஆக கிட்டுக்கு 5க்கு 3, கவுன்டர் பெரியவருக்கு 5க்கு 5. ஜாடி, டப்பாவுக்கெல்லாம் சேத்து 26 யூரோ குடுக்காதீங்க, அதே கடையில அசென்ஸியோ, ஜென்ஷியன், ஐரிஸ், ஏஞ்செலிகா மட்டும் உதிரியா வாங்கினா எனக்கு 11 யூரோதான் ஆச்சு, நாலஞ்சு தடவைக்கு வரும், மசாலா எப்படியும் நம்ம அஞ்சறைப் பெட்டியில இருக்கு. கர்ப்பமா இருக்கறவங்க, வலிப்புக்கு மாத்திரை எடுக்கறவங்க இந்த மூலிகை பக்கமே வர வேணாம். அசென்ஸியோ அளவ கண்ணால பாத்துப் போடாதீங்க, கிராம் தராசு கண்டிப்பா வேணும். திறந்த பாட்டில் ஃபிரிட்ஜ்ல ரெண்டு மாசத்துக்குள்ள முடிச்சுடுங்க, இதுவும் வைன்தான், வெச்சிருந்தா ருசி போயிடும்.

அடுத்த வாரம் ஊர்ல இருந்து ஒரு ஃபிரெண்ட் வர்றான், காஞ்ச நார்த்தங்காய்த் தோல் கேட்டிருக்கேன், மூணாவது பாட்டில்ல ஆரஞ்சுக்கு பதில் அதத்தான் போடப் போறேன்.