மலையகத்தில் மண் சரிந்தால், நீலகிரியிலிருந்து எதை அனுப்புவது?

2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் இலங்கையின் மலையகத்தைப் புரட்டிப் போட்டது. கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கத்துச் செய்திகள் நீலகிரியில் வீட்டுச் செய்தியாகவே வந்தன. 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்கு வாழ்வு கொடுக்கத்தான் 1968இல் டேன்டீ எனும் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் இங்கே தொடங்கின. கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் எங்கே விசாரித்தாலும் அட்டனிலோ பண்டாரவளையிலோ சித்தப்பா, அத்தை என்று யாராவது இருக்கிற குடும்பங்கள் உண்டு. நேரில் போக வழியில்லாதவர்கள் வீட்டிலிருந்தே என்ன செய்யலாம்? பொருள், பணம், வரைபட வேலை என மூன்று வழிகள் கண்முன்னே இருக்கின்றன. மூன்றும் ஒரே தரமல்ல.

பொருள் அனுப்புவதுதான் முதலில் மனதுக்கு வரும். நுவரெலியாக் குளிர் நமக்குத் தெரியும். அதனால் கம்பளி, ஸ்வெட்டர் என்று மூட்டை கட்டத் தோன்றும். ஆனால் அந்த மூட்டை மேட்டுப்பாளையம் இறங்கி, துறைமுகம் போய், கப்பலேறி, கொழும்பில் சுங்கம் தாண்டி, அதற்கு மேல் சரிந்து கிடக்கும் மலைப்பாதையில் ஏற வேண்டும். கம்பளியின் விலையைவிடக் கூலி அதிகமாகிவிடும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் சாலையோரங்களில் குவிந்து நனைந்து கிடந்த பழந்துணிகளை யாரும் மறந்திருக்க முடியாது. நல்ல மனதோடு அனுப்பியவைதான் அவை. கப்பல் கணக்கில் அனுப்புவது அரசுகளின் வேலை. 2022 நெருக்கடியின்போது தமிழ்நாடு அரசு இலங்கைக்கு 40,000 டன் அரிசி என்று திட்டமிட்டது அந்த அளவில்தான். பக்கத்து மலை என்றால் பேச்சே வேறு. 2024 ஜூலை 30இல் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை சரிந்தபோது கூடலூரிலிருந்து மேப்பாடிக்கு வண்டி போகும் தூரம்தான். அங்கேகூட, முகாமில் என்ன தேவை என்று கேட்டு, புதிதாக வாங்கி அனுப்பியிருந்தால்தான் பயன்.

பணம் இதைவிடப் பல மடங்கு மேல். அங்கேயே அரிசியும் கம்பளியும் வாங்கலாம். அங்குள்ள கடைக்காரருக்கும் பிழைப்பு நடக்கும். உள்நாட்டுப் பேரிடர் என்றால் முதலமைச்சர் நிவாரண நிதிக்கு நேரே செலுத்துங்கள், பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்கு வரிவிலக்கும் உண்டு. வாட்ஸ்அப்பில் வரும் க்யூஆர் படத்தை நம்பி அனுப்பவே கூடாது. பின் எண் போடுவதற்கு முன் திரையில் தெரியும் பெயர் அந்த நிதியின் பெயர்தானா என்று பார்த்துவிடுங்கள். இலங்கை உறவினருக்கு வங்கி வழியாக அனுப்பலாம். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியும், நம் தொகைக்கு அது தாராளம். பான் அட்டையும், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவமும் வேண்டும். ஒவ்வொரு முறையும் வங்கிக் கட்டணம் போவதால், ஆயிரம் ஆயிரமாக அனுப்பாமல் சேர்த்து ஒரே தடவையாக அனுப்புவது நல்லது.

ஆனால் கையில் பணம் இல்லாத கல்லூரிப் பிள்ளைக்கு? அங்கேதான் மூன்றாவது வழி வருகிறது. நம் மலைக்காரர்களைப் பொறுத்தவரை அதை நான் பணத்துக்குச் சமமாகவே வைப்பேன். 2010 ஜனவரியில் ஹைட்டி பூகம்பம் நடந்தபோது தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸுக்கு உருப்படியான வரைபடம் இல்லை. யார் வேண்டுமானாலும் வரைந்து சேர்க்கக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தன்னார்வலர்கள் அவரவர் வீட்டிலிருந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தெருத்தெருவாக வரைந்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டன. 2015 ஏப்ரலில் நேபாளத்துக்காக ஆயிரக்கணக்கானோர் இதே வேலையில் இறங்கினார்கள். வேலையை ஒருங்கிணைப்பவர்கள் பாதிக்கப்பட்ட பகுதியைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து இணையத்தில் வைத்திருப்பார்கள். ஒரு கட்டத்தை எடுத்து அதிலுள்ள வீடு, பாதை எல்லாம் வரைய வேண்டும். அனுபவமுள்ள இன்னொருவர் பிறகு சரிபார்ப்பார்.

தேயிலைக் காட்டை மேலிருந்து பார்த்தால் வெளியூர்க்காரருக்குப் பச்சைக் கோடுகளாகத்தான் தெரியும். செடிகளுக்கு நடுவே கொழுந்து எடுப்பவர்கள் நடக்கும் தடம் எது, ஜீப் போகும் பாதை எது என்று நம் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடும். நீளத் தகரக் கூரையைப் பார்த்து அவர்கள் கிடங்கு என்று குறித்துவிடக்கூடும். அது லைன் வீடு, வரிசையாகப் பல குடும்பங்கள் குடியிருக்கும் இடம் என்று நமக்குத் தெரியும். அதைக் குடியிருப்பு என்று சரியாகக் குறித்தால், அந்தச் சரிவுக்கு எத்தனை பேருக்குச் சோறு போக வேண்டும் என்ற கணக்கு மாறும். 2009 நவம்பரில் நம் மலை சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். ஓடைக்கு மேலே எந்த வீடு ஆபத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்த கண் இது. இந்த அறிவு எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

குறையும் இருக்கிறது. வரைபடம் அன்றைக்கே யாருக்கும் சாப்பாடு போடாது. முதல் இரண்டு நாள் மீட்பில் பணமும் ஆளும்தான் பேசும். அதனால் வசதி இருப்பவர்கள் பணத்தை முதலில் அனுப்பிவிட்டு வரைபடத்துக்கு வாருங்கள்.

சொந்தக்காரர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்றால் இந்த வரிசையெல்லாம் அப்புறம். செஞ்சிலுவைச் சங்கத்தில் பிரிந்த குடும்பத்தாரைத் தேடித் தரும் சேவை உண்டு, அங்கே முதலில் பதியுங்கள்.

வரையத் தொடங்குபவர்களுக்கு: மடிக்கணினியும் மவுஸும் இருந்தால் உலாவியிலேயே செய்யலாம். போன் மட்டும் இருந்தால், வரையாமலேயே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தட்டிக் குறிக்கும் மேப்ஸ்வைப் செயலி இருக்கிறது. வரைபவர்கள் முதலில் கட்டடங்களை மட்டும் எடுங்கள், பழகிய பிறகு பாதைகள். மழை நாளில் இங்கே கரண்ட் போவது வழக்கம் என்பதால் அடிக்கடி சேமித்துக்கொள்ளுங்கள். முடிக்க முடியாத கட்டத்தை விடுவித்துவிட்டால் வேறொருவர் அங்கிருந்து தொடர்வார்.