கொடைக்கு வேட்டு போட வந்த குழு எப்படி?

இந்த ஆடியில் எங்கள் ஊர் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு அதிர்வேட்டும் வாணவேடிக்கையும் போட்டது சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்த ஒரு குழு. கொடை முடிந்த மறுநாளே சுற்றுப்பட்டிக்காரர்கள் ‘ஆள் எப்படி, துட்டு எவ்வளவு’ என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். எல்லோருக்கும் போனில் சொல்லி மாளாது, அதனால் எழுதிவிடுகிறேன். தாராளமாகக் கூப்பிடலாம். வண்ணம் கொஞ்சம் குறைவு, குப்பை பொறுக்குவதில் சோம்பல். ஆனால் வெடிமருந்தைத் தொடத் தெரிந்த கை.

பாதி வாழ்க்கையைக் கல்குவாரியில் வெடி வைத்துக் கழித்தவன் நான். பாறையில் குழி போட்டு, வெடிமருந்துத் தோட்டா இறக்கி, அதைக் கிளப்பும் கேப்பு மாட்டி, ஆடுமாடு வரை ஒதுக்கிவிட்டு வெடிப்பதுதான் தொழில். அதனால் வேடிக்கை நடக்கும்போது எல்லோரும் வானத்தைப் பார்த்தால் நான் போடுகிறவர் கையைப் பார்ப்பேன். போன கொடைக்கு வேறொரு குழு வந்திருந்தது. வானத்தில் போய் வெடிக்கும் அவுட்டுகளைப் போடுகிற குழாய்களை மண்ணில் புதைக்காமல் செங்கல் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஒன்று சாய்ந்தது. மேலே போகவேண்டிய அவுட்டு தரையோடு சீறி வைக்கோற்படப்பில் போய் விழுந்தது. படப்பு எரிந்து அடங்குவதற்குள் விடிந்துவிட்டது. வில்லுப்பாட்டு கேட்க உட்கார்ந்திருந்த பெண்டு பிள்ளைகள் அதற்குப் பத்தடி இந்தப் பக்கம். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. இந்த முறை கோயில் கமிட்டியில், துட்டு குறைவு என்று எவனையும் கூப்பிட வேண்டாம் என்று சண்டை போட்டதே அதனால்தான்.

பேசப் போனபோது குழுவின் மூத்தவர் நாங்கள் கேட்காமலேயே உரிமத்தை எடுத்துக் காட்டினார். போலீஸில் மனு கொடுக்க என்னென்ன தாள் வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார். எங்கள் பையன்கள் பெரிய சரவெடி ஒன்று வேண்டுமென்று நின்றார்கள். “சரம் கட்டுனத உச்ச நீதிமன்றம் 2018-லயே தடுத்தாச்சு தம்பி. அதுக்குப் பதிலா அதிர்வேட்டு ஒரு வரிசை கூடப் போட்டுத் தாரேன்” என்று முடித்துவிட்டார். கிடைக்கிற துட்டை விடக்கூடாது என்று தலையாட்டுகிறவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். இவர் அப்படியில்லை.

அதிர்வேட்டைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டும். சாயங்காலம் வெயில் தாழும் முன்னே வந்து, கோயிலுக்கு வடக்கே உழுது போட்டிருந்த காட்டில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து இடம் பிடித்தார்கள். ஒரு சாண் உயரத்தில் கனத்த இரும்புக் குழல்கள், அடியில் திரித்துளை. மூத்தவர் ஒவ்வொன்றையும் தூக்கி, விரலை மடக்கித் தட்டி, காதோரம் வைத்துக் கேட்டார். இரண்டை ஒதுக்கினார். விரிசல் விட்ட குழலில் ஓசை செத்துக் கேட்கும். அதில் மருந்து போட்டால் குழலே சில்லுச் சில்லாகப் பறக்கும். மற்றவற்றில் கரண்டியால் அளந்து மருந்து, மேலே செங்கல் பொடி, கெட்டிக்கப் புளியங்கட்டை. பக்கத்தில் ஒரு கடப்பாரைத் துண்டு கிடந்தது. குழுவில் ஒரு பையன் அதை எடுக்கக் கை நீட்டினான். “ஏலே, இரும்பத் தொடாத! ஒரு பொறி போதும்லா!” அவர் போட்ட சத்தத்தில் மேளக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். குவாரியிலும் இதே சட்டம்தான். குழியைக் கெட்டிக்க மரக்கம்பு, இரும்பு கூடவே கூடாது. ஒரு குழல் நிரப்பியதும் மருந்துப் பையின் வாயைக் கட்டி, ஈரச் சாக்கால் மூடி, இருபது தப்படி தள்ளிக் கொண்டுபோய் வைத்தார். அடுத்த குழலுக்கு மறுபடி நடந்தார். வேடிக்கை பார்த்தவர்களுக்கு அலுப்பாக இருந்திருக்கும். எனக்குப் பார்க்கப் பார்க்க மனசு நிறைந்தது.

நடுச்சாமத்தில் நடக்கும் சாமக்கொடையில் சுடலை தீப்பந்தத்தோடு வேட்டைக்குக் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக முதல் வேட்டு. அப்புறம் இடைவெளி மாறாமல் வரிசையாகப் போனது. நெஞ்சுக்கூட்டுக்குள் இடித்தது. ஒரு குழல்கூடத் தவறவில்லை.

மருந்து மாவாக இல்லை, குருணையாக இருந்தது. இதைக் கவனித்து வாங்குகிற குழு குறைவு. கருமருந்து என்பது வெடியுப்பும் (பொட்டாசியம் நைட்ரேட்) கந்தகமும் கரியும் சேர்ந்தது, அதில் முக்கால் பங்கு வெடியுப்பு. எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவை அந்த உப்பே உள்ளிருந்து கொடுப்பதால்தான், செங்கல் பொடி போட்டு அடைத்த குழலுக்குள்ளும் தீ பிடிக்கிறது. திறந்து கிடந்தால் புஸ்ஸென்று போய்விடும், அடைத்தால்தான் இடிக்கும். சீனாவில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், சாகாமல் இருக்க மருந்து தேடிய ரசவாதிகள் கையில் இது தட்டுப்பட்டது. 1044-இல் தொகுத்த சீனப் படைநூல் ஒன்றில் கலவையின் விவரமே இருக்கிறது. 13-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தது. மாவாக இருந்த காலத்தில், வண்டியில் குலுங்கிப் போகும்போதே கரி வேறு உப்பு வேறு என்று பிரிந்துவிடும். போய் இறங்கிய இடத்தில் திரும்பக் கலக்க வேண்டும். 15-ஆம் நூற்றாண்டில் ஈரம் காட்டிக் குருணையாக்கப் பழகிய பிறகுதான் பீரங்கிக்கு நம்பகமான பலம் வந்தது.

கருமருந்து என்றாலே எனக்குப் பாஞ்சாலங்குறிச்சி ஞாபகம்தான். எங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் கயத்தாறு. 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் அது. மூத்தவரிடம் அன்று மாலை இதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். 1453-இல் துருக்கியர் பெரிய பீரங்கிகளை வைத்து இடித்து, ஆயிரம் ஆண்டு நின்ற கான்ஸ்டான்டிநோபிள் கல்மதிலை உடைத்தார்கள். அதற்குப் பிறகு ஐரோப்பாவில் உயரமான கல்மதில் கட்டுவதைக் குறைத்து, தாழ்ந்து தடித்த, உள்ளே மண் நிரப்பிய மதில்களைக் கட்டினார்கள். கல் அடி வாங்கினால் உடையும், மண் குண்டை விழுங்கிக்கொள்ளும். பாறையோடு வேலை பார்த்தவனுக்கு இது சொல்லாமலே புரியும். பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டை. 1799 செப்டம்பர் 5 அன்று கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி பானர்மன் படை மோதிப் பார்த்து ஆள் இழந்து பின்வாங்கியது. 1801 பிப்ரவரியில் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்து, அதற்குள் கம்பெனி இடித்துத் தரைமட்டமாக்கியிருந்த கோட்டையை வெகுசீக்கிரம் எழுப்பினார். மார்ச் கடைசியில் மெக்காலே படை ஏற முயன்று தோற்றது. கனத்த பீரங்கிகளோடு அக்னியூ வந்து இடித்துத் தள்ளிய பிறகுதான் மே 24-இல் கோட்டை விழுந்தது. நம் ஊர் மண்சுவர் அத்தனை நாள் தாக்குப்பிடித்திருக்கிறது! கம்பெனிக்கு வெடியுப்பும் நம் நாட்டிலிருந்துதான், பீகார்ப் பக்கத்து மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தது. 1757-இல் பிளாசியில் ஜெயித்ததும் அந்த வியாபாரத்தையே கைக்குள் போட்டுக்கொண்டார்கள். அதை நினைத்தால் வயிறு எரிகிறது. மூத்தவர் எல்லாம் கேட்டுவிட்டு, “மண்ணு தோக்கல அண்ணாச்சி, குண்டுதான் பெருசாகிட்டு” என்றார்.

சரி, வாணவேடிக்கைக்கு வருகிறேன். மூங்கில் குச்சி கட்டிய வாணங்கள் அருமை. நேராக ஏறி, உச்சியில்தான் விரிந்தன. ஹைதர் அலி, திப்பு காலத்து மைசூர்ப் படையின் ராக்கெட்டும் இதே வம்சம்தான். அட்டைக் குழலுக்குப் பதில் இரும்புக் குழல் போட்டதால் மருந்தைக் கூடுதலாக அடைக்க முடிந்தது, வெகுதூரம் போனது. 1780-இல் காஞ்சிபுரம் அருகே புள்ளலூரில் கம்பெனிப் படையைக் கலங்கடித்தது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு அந்த ராக்கெட்டுகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்துத்தான் இங்கிலாந்துக்காரர் காங்கிரீவ் தன் ராக்கெட்டைச் செய்தார்.

பேன்சி அவுட்டுகள் சுமார். சிவப்பும் பொன்னிறமும் நன்றாக விழுந்தன, பச்சை வெளுத்திருந்தது. கருமருந்தால் மட்டும் வண்ணம் வராது, வெறும் பொறிதான் வரும். சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம், நீலத்துக்குச் செம்பு, கிளிப்பச்சைக்குப் பேரியம். பட்டாசில் பேரியம் கூடாது என்று கோர்ட்டு சொல்லிவிட்டது. எனவே பச்சைக்காக இவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடைசிச் சுற்றில் எண்ணிக்கையாவது கூட்டியிருக்கலாம். எழும்பி நிற்கிற மாதிரி ஒரு முடிவு இல்லை.

இவர்களைத் திரும்பக் கூப்பிடலாம் என்று நான் முடிவு செய்தது நடுவில் நடந்த ஒரு காரியத்தால். ஒரு அவுட்டு கிளம்பவில்லை. திரி எரிந்து உள்ளே போனது, சத்தம் இல்லை. எங்கள் பையன் ஒருவன் எட்டிப் பார்க்க ஓடினான். மூத்தவர் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, “வெடிக்காததுதான்ல ஆளக் கொல்லும்” என்றார். குழாய்க்கு முன்னால் ஒருவரையும் விடவில்லை. மற்ற வரிசையையும் நிறுத்திவிட்டு அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்தார். கூட்டம் கத்தியது, கமிட்டித் தலைவர் கையைப் பிசைந்தார், அவர் அசையவில்லை. அப்புறம் பக்கவாட்டில் போய், கையை நீட்டி வாளித் தண்ணீரைக் குழாய்க்குள் ஊற்றி, ஊறவிட்டார். விடிந்த பிறகுதான் தோண்டி எடுத்தார். குவாரியில் வெடிக்காத குழியைக் கிளறப் போய்க் கை இழந்தவர்களை எனக்குத் தெரியும். கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே அரை மணி நேரம் பொறுத்திருக்க எல்லோராலும் ஆகாது.

கோட்டை இடித்த மருந்து பாறை உடைக்க வந்தது 1627-இல், இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ஒரு சுரங்கத்தில். அதற்கு முன் பாறையை நெருப்பால் சுட்டுத் தண்ணீர் ஊற்றிப் பிளந்தார்கள். 1867-இல் நோபல் டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கிய பின் கருமருந்துக்குச் சுரங்கத்தில் மவுசு குறைந்தது. ஆனாலும் என் பிள்ளைகள் படித்தது அந்த வழியில் வந்த தொழிலின் சம்பளத்தில்தான். இந்த மருந்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. அதே மரியாதையை மூத்தவர் கையிலும் பார்த்தேன்.

குறைகள்: உதவிப் பையன்களில் இரண்டு பேர் பாலியெஸ்டர் பனியனோடு நின்றார்கள். தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்திச் சட்டைதான் போடவேண்டும் என்று சொன்னேன், அப்போதே மாற்றவில்லை. மறுநாள் காடு முழுக்கக் காகிதமும் அட்டையும். காட்டுக்காரர் ஆள் விட்டுப் பொறுக்கினார். பேசிய தொகை 45,000 ரூபாய். வண்டி வாடகை 3,000 தனி என்று கடைசியில் சொன்னார்கள், அதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும்.

கூப்பிடுகிறவர்கள் இரண்டு மாதம் முன்னால் போய்ப் பேசுங்கள், ஆடியிலும் பங்குனியிலும் தேதி கிடைப்பது கஷ்டம். குழாய் புதைக்கக் குழி தோண்ட ஆளும், ஒரு டேங்கர் தண்ணீரும் ஊரில்தான் கொடுக்கவேண்டும். கூட்டம் உள்ளே வராமல் கயிறு கட்ட மூங்கிலும் வாங்கிவையுங்கள். எங்களுக்கு அடுத்த கொடைக்கும் அவர்கள்தான். பையன்களுக்குப் பருத்திச் சட்டை, மறுநாள் குப்பை பொறுக்க ஆள் என்று சொல்லியே முன்பணம் கொடுத்திருக்கிறோம்.