உற்பத்தி நின்ற இம்பல்ஸோடு எட்டு வருடம்

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினால் போதும், யாராவது ஒரு பையன் பக்கத்தில் வந்து நிற்பான். "அண்ணா, இது இம்பல்ஸ்தானே? கொடுக்கிற ஐடியா இருக்கா?" மாதத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. ஹீரோ கம்பெனியின் 150 சிசி பைக். புதிதாக ஷோரூமில் நின்ற காலத்தில் சீந்த ஆளில்லாத வண்டி இது. பங்கில் நின்றுகொண்டு முழுக் கதையையும் சொல்ல முடிவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவது 2010 டிசம்பரில் முடிவானது. 2011 ஆகஸ்டில் ஹீரோ மோட்டோகார்ப் என்ற புதுப் பெயரை லண்டனில் விழா எடுத்து அறிவித்தார்கள். அந்த மேடையில் காட்டிய வண்டிகளில் ஒன்றுதான் இம்பல்ஸ். பிரேசிலில் ஹோண்டா விற்ற என்எக்ஸ்ஆர் 150 பிராஸ் பைக்குக்கு உறவுக்காரன். உயரமான சீட்டு, மேலே தூக்கிய சைலன்சர், முன்னால் 19 அங்குல ஸ்போக்ஸ் சக்கரம், பின்னால் 17. தார் ரோட்டிலும் ஓட்டலாம், மண் தடத்திலும் ஓட்டலாம் என்ற ஜாதி. எஞ்சின் மட்டும் அதே கம்பெனியின் ரோட்டு பைக்குகளான ஹங்க், சிபிஇசட் எக்ஸ்ட்ரீம் வகையறாவின் 149.2 சிசி, சக்தி 13.2 பிஎஸ் (குதிரைத்திறன்). அதே காசுக்கு இதைவிட வேகமாக ஓடும் வண்டிகள் இருந்ததால் ஜனங்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். சில வருடங்களிலேயே உற்பத்தி நின்றது.

எனக்குச் சூரிய சக்தி பம்பு பொருத்தும் வேலை. வாழப்பாடியிலிருந்து பேளூர், தும்பல் வழியாகக் கருமந்துறை ஏறி, அதற்கப்பால் தார் முடிகிற இடத்திலிருந்துதான் என் வேலையே தொடங்கும். அதுவரை வைத்திருந்த நூறு சிசி வண்டிக்கு மூன்று வருடத்தில் இரண்டு தடவை முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பெண்ட் எடுத்தேன். 2017-இல் சங்ககிரிப் பக்கம் ஒரு லாரிக்காரர் வீட்டில் 2012 மாடல் இம்பல்ஸ் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். மகனுக்காக வாங்கியிருக்கிறார், பையனுக்குக் கால் எட்டவில்லை. மாட்டுக் கொட்டகை ஓரம், உரச்சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. 21,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. நாற்பத்தொன்றாயிரத்துக்குப் பேசி முடித்தோம். இப்போது ஓடோமீட்டர் 83,000-ஐத் தாண்டிவிட்டது.

இந்த வண்டியின் அருமை எங்கே தெரியும் என்றால், குச்சிக்கிழங்கு அறுவடை சமயத்தில். டிராக்டர்கள் லோடு ஏற்றிக்கொண்டு இறங்கி இறங்கி, காட்டுத் தடத்தில் முழங்கால் ஆழத்துக்கு இரண்டு பள்ளங்கள் விழுந்திருக்கும். நடுவில் புல் முளைத்த மேடு. மழை பெய்துவிட்டால் மேட்டில் ஓட்ட முடியாது, வழுக்கிக்கொண்டு போகும். பள்ளத்துக்குள்தான் இறங்கியாக வேண்டும். பழைய வண்டியில் இறங்கினால் அடிப்பாகம் கல்லில் தட்டும், கைப்பிடி தாறுமாறாகத் திரும்பும். இதில் இரண்டாவது கியரைப் போட்டு, ஃபுட்ரெஸ்ட்டில் எழுந்து நின்று, முழங்காலால் டேங்கைக் கவ்விக்கொண்டால் சரி. முன் சக்கரம் கல்லை ஏறிக் கடந்து போய்விடும், ஃபோர்க் உள்ளே போய் வருவது கைக்குச் சத்தமில்லாமல் தெரியும். எடை 134 கிலோதான். விழுந்தாலும் ஒரே ஆளாகத் தூக்கி நிறுத்தலாம், நிறுத்தியிருக்கிறேன், எத்தனை தடவை என்று கேட்காதீர்கள்.

தார் ரோட்டில் கதை வேறு. சேலம்–உளுந்தூர்பேட்டை சாலையில் 70, 75 வரை சுகமாகப் போகும். அதற்கு மேல் முறுக்கினால் சத்தம்தான் கூடும், வேகம் கூடாது. பின்னால் ஆம்னி பஸ் ஹாரன் அடித்தால் இடது ஓரம் ஒதுங்கிக்கொள்வதே மரியாதை. போதாததற்கு நான் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) ஒரு பல்லைக் குறைத்திருக்கிறேன். மலையில் ஏறுவதற்கு அது அமிர்தம், ரோட்டில் இன்னும் ஐந்து கிலோமீட்டர் வேகம் பலி. லிட்டருக்கு ரோட்டில் 43, மலையில் 37, 38. தினமும் நூறு கிலோமீட்டர் நாலுவழிச் சாலையில் வேலைக்குப் போகிறவர் இந்த வண்டியைத் தேடவே வேண்டாம்.

உயரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தடி ஐந்தங்குலம். நின்றால் ஒரு கால்தான் முழுதாக ஊன்றும். ஆத்தூர் பஸ் ஸ்டாண்ட் எதிரில் ஒரு நாள் சிக்னலில் இடது காலை ஊன்றினேன், அங்கே சாலை ஓரம் அரையடி பள்ளம். வண்டி மெதுவாக, ரொம்ப மெதுவாகச் சாய்ந்தது. பின்னால் இருந்த மனைவி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டு, "இந்த ஒட்டகத்தை வித்துட்டு மனுஷங்க ஓட்டுற வண்டி ஏதாச்சும் வாங்குங்க" என்றாள். அன்றிலிருந்து வீட்டில் அதற்கு ஒட்டகம் என்றே பெயர்.

அப்புறம் ஸ்பேர். எஞ்சின் சாமான்களுக்குக் கவலை இல்லை: பிஸ்டன் ரிங், கிளட்ச் பிளேட் எல்லாம் சேலத்திலேயே கிடைத்தன. முன் டயர் 90/90-19. பழைய கிளாசிக் 350 புல்லட்டின் முன் சக்கரத்துக்கும் அதே அளவுதான், ஆகவே தேடி அலைய வேண்டாம், மண்ணுக்கேற்ற பட்டன் டயர் வேண்டுமென்றால் மட்டும் சொல்லி வைத்து வாங்க வேண்டும். பாடு எல்லாம் பிளாஸ்டிக்குக்குத்தான். முன் மட்கார்டு உடைந்தபோது நாலு மாதம் கட்டுக்கம்பி போட்டு ஓட்டினேன். கடைசியில் சென்னை புதுப்பேட்டையில் ஒன்று கிடைத்தது, நிறம் வேறு. என் வண்டி சிவப்பு, மூக்கு மட்டும் கறுப்பு.

பெரிய செலவு ஒன்றை நானே தேடிக்கொண்டேன். பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் புஷ்ஷுக்கு மூன்று வருடம் கிரீஸ் வைக்கவில்லை. பின் சக்கரம் ஆட ஆரம்பித்ததும் ஒரு பட்டறையில் விட்டேன். அளவு பார்க்காமல் வேறு வண்டி புஷ்ஷைச் சுத்தியால் அடித்து ஏற்றிவிட்டார்கள். இரண்டே வாரத்தில் புஷ் உட்காரும் இடமே ஓவலாகிவிட்டது. பிறகு ஒரு லேத் பட்டறைப் பெரியவர் வெண்கலத்தில் புஷ் கடைந்து கொடுத்தார். ஆறாயிரம் ஆனது. ஐந்து வருடமாக அசைவில்லை.

வாங்கப் போகிறவர்கள் முதலில் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பின் சக்கரம் தரையில் படாதபடி வண்டியைத் தூக்கி நிறுத்தி, அதைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். பின்னால் இருக்கும் ஒற்றை ஷாக் அப்சார்பரின் (மோனோஷாக்) ராடில் எண்ணெய் வழிந்திருக்கிறதா, ஃபோர்க் மேலிருக்கும் ரப்பர் உறைக்குள் சேறு இறுகிக் கிடக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் எல்லாம் முழுசாக இருந்தால் இரண்டாயிரம் கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. கேரளா, கர்நாடகா வண்டி என்றால் அந்த ஊர் ஆர்டிஓவின் தடையில்லாச் சான்று (என்ஓசி) கையில் வராமல் பணம் கொடுக்க வேண்டாம். இன்னொன்று, ஆர்சிக்கு ஆயுள் 15 வருடம்; 2012 வண்டிக்கு 2027-இல் முடிகிறது. அதன்பின் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. விலை பேசும்போது விற்கிறவர் இதை எடுக்கமாட்டார், நீங்கள் எடுங்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 200 வாங்கிவிடலாமே என்று கேட்கலாம். நியாயம்தான். 2019-இல் வந்த வண்டி. முன்னால் 21 அங்குல சக்கரம், வந்தபோது சக்தி 18.4 பிஎஸ். மச்சான் ஒன்று வைத்திருக்கிறான், ஓட்டியிருக்கிறேன். எல்லா விதத்திலும் மேல், ஸ்பேரும் கிடைக்கிறது. முதல் முறையாக இந்த மாதிரி வண்டி வாங்குகிறவருக்கு அதைத்தான் சொல்வேன். ஆனால் என் வண்டியில் எது எங்கே கழன்று வரும் என்று எனக்குத் தெரியும். கார்புரேட்டரை மலை உச்சியில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு கழற்றிச் சுத்தம் செய்து மாட்டியிருக்கிறேன்.

போன வாரம் வாழப்பாடி பங்கில் கேட்ட பையனுக்கு விலை எதுவும் சொல்லவில்லை. ஏறி உட்காரச் சொன்னேன். இரண்டு காலும் முழுதாகத் தரையில் பதிந்தன. போன் நம்பரை மட்டும் வாங்கி வைத்திருக்கிறேன்.