வினோகிராட்ஸ்கி குழாய் கிட்: வாங்கலாம், அட்டைப் படத்தை மட்டும் நம்ப வேண்டாம்

பாக்டீரியா கனிமம் உண்டாக்குவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இந்த கிட்டைத் தாராளமாகச் சொல்வேன். உயரமான கண்ணாடிக் குழாய், ஜிப்சம் பொடி, சுண்ணாம்புக்கல் பொடி, காகிதத் துணுக்குகள், ஒரு இரும்பு ஆணி, பெட்டியில் இவ்வளவுதான். சேறும் குளத்துத் தண்ணீரும் நம் பொறுப்பு. நுண்ணுயிரியலாளர் செர்கேய் வினோகிராட்ஸ்கி 1880களில் கொண்டுவந்த அதே ஏற்பாடுதான் இது.

ஆரம்பத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பொறுமை வேண்டும். மற்ற பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தின்று தீர்த்த பிறகுதான் அடிச்சேற்றில் இருக்கும் டீசல்ஃபோவிப்ரியோ வகையறாக்கள் வேலையைத் தொடங்கும். அவற்றுக்கு ஆக்சிஜன் தேவையில்லை, ஜிப்சத்தில் இருக்கும் சல்ஃபேட்டை வைத்தே சுவாசித்துக்கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவை வெளியே விடும். இன்னொரு பக்கம் ஜியோபாக்டர் போன்றவை துரு வடிவில் இருக்கும் இரும்பைக் கரையக்கூடிய ஃபெரஸ் இரும்பாக மாற்றும். இரண்டும் சந்திக்கிற இடத்தில் கன்னங்கரேலென்று இரும்பு சல்ஃபைடு படிகிறது. பாக்டீரியாவின் செல்சுவரில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் இரும்பு அயனிகள் அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன, அதனால் கனிமத் துகள்கள் செல்லின் மேலேயே உருவாவதும் உண்டு.

ஆணியைக் கண்ணாடியை ஒட்டிச் செருகுங்கள். அதைச் சுற்றி முதலில் மை கசிந்த மாதிரி ஒரு கறுப்பு வளையம் வரும், பிறகு அது மெல்ல அகலமாகும். எனக்கு இந்தக் கிட்டிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். இரும்பு குறைவான சேறு என்றால் வாயுவைப் பிடித்து வைக்க ஆள் இல்லை, அழுகிய முட்டை நாற்றம்தான் மிஞ்சும்.

சரி, குறைக்கு வருவோம். அட்டையில் பளபளக்கும் பைரைட் (இதுவும் ஓர் இரும்பு சல்ஃபைடு கனிமம்தான்) படிகத்தின் படம், கீழே ‘நீங்களே வளர்க்கலாம்’ என்ற வாசகம். இது தவறு. குழாயில் முதலில் வருகிற அந்தக் கறுப்பு இரும்பு சல்ஃபைடின் பெயர் மாக்கினாவைட், ஓர் இரும்புக்கு ஒரு கந்தகம். பைரைட்டில் இரண்டு கந்தகம்; மாக்கினாவைட் மேலும் ஹைட்ரஜன் சல்ஃபைடோடோ பாலிசல்ஃபைடோடோ (கந்தக அணுக்கள் சங்கிலியாகக் கோத்த அயனி) வினைபுரிந்தால்தான் அது கிடைக்கும். இடையில் காந்தத் தன்மையுள்ள கிரெய்கைட் என்ற இன்னோர் இரும்பு சல்ஃபைடும் வரலாம். அப்படியே கொஞ்சம் பைரைட் உருவானாலும் அது மைக்ரோமீட்டர் அளவுதான், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் இருந்தால் கறுப்புச் சேற்றில் கொஞ்சம் எடுத்துக் காற்றில் வைத்துப் பாருங்கள், சீக்கிரமே பழுப்பாகிவிடும். பைரைட் அவ்வளவு வேகமாகத் துருப்பிடிக்காது. பள்ளிப் பிள்ளைகள் கையில் போகிற பொருளில் இதைச் சரியாக எழுதியிருக்க வேண்டாமா?

அப்புறம் பாதுகாப்பு பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை, அதுதான் பெரிய குறை. மூடியை இறுக்காதீர்கள், வாயு சேரும். குழாயைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். கறுப்புச் சேற்றில் அமிலம் எதையும் ஊற்றிவிடாதீர்கள், மாக்கினாவைட் கரைந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு மொத்தமாகக் கிளம்பும், அது விஷம்.