‘கேட் மோதிரம்’ நகல்கள்: எது தேறும், எது தேறாது

பிரிட்டன் இளவரசர் வில்லியமுக்கும் கேத்தரின் (கேட்) மிடில்டனுக்கும் திருமணம் நிச்சயமான செய்தி 2010 நவம்பர் 16 அன்று வெளியானது. பெண் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்ல; செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உடன் படித்தவர். அவர் விரலில் மின்னியதோ வில்லியமின் தாய் டயானாவின் நிச்சயதார்த்த மோதிரம். அன்று சூடுபிடித்த நகல் வியாபாரம் இன்னும் ஓயவில்லை. ஆன்லைனில் தேடினால் சில நூறு ரூபாயிலிருந்து பல ஆயிரம் வரை வரிசைகட்டி நிற்கின்றன. படத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான். கைக்கு வந்த பிறகுதான் குட்டு வெளிப்படும்.

அசல் இது: 12 கேரட் முட்டை வடிவ இலங்கை நீலக்கல், சுற்றிலும் 14 வைரங்கள், 18 கேரட் வெள்ளைத் தங்கம். லண்டன் கெரார்ட் நகைக்கடையின் வேலை. 1981இல் டயானா தேர்ந்தெடுத்தபோது அது சொல்லிச் செய்த நகைகூட அல்ல. கடையின் விற்பனைப் பட்டியலில் இருந்ததுதான்; பணமிருந்தால் யாரும் வாங்கியிருக்கலாம். ஆகவே நகல் போடுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

முதலில் சுற்றுக் கற்களை எண்ணுங்கள். 14 இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். மலிவு நகல்களில் பொடிக் கற்களை நெருக்கமாக இறைத்திருப்பார்கள். பூப் போன்ற அந்த அமைப்பு போய்விட்டால் அது வெறும் நீலக்கல் மோதிரம். அடுத்தது நிறம். இலங்கை நீலத்துக்கு உள்ளிருந்து வரும் ஒளிதான் அழகு. நகல்கள் பலவும் பேனா மை நிறம். மாலை வெளிச்சத்தில் கறுப்பாகத் தெரியும். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த படம் கேளுங்கள்.

‘12 கேரட்’ என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். தங்கத்தில் கேரட் தூய்மையைக் குறிக்கும்; கல்லில் அது எடை. நகல்களில் வரும் அமெரிக்கன் டைமண்ட் என்ற செயற்கைக் கல், நீலக்கல்லைவிட அடர்த்தி கூடியது. அதே 12 கேரட்டில் கல் சிறிதாகத்தான் இருக்கும். மில்லிமீட்டர் அளவைக் கேட்பதே சரி. 12 கேரட் நீலக்கல் ஏறக்குறைய 14 × 12 மி.மீ. வரும், சுற்றுக் கற்களோடு சேர்ந்தால் மெலிந்த விரலை முழுக்க மூடிவிடும். 10 × 8 மி.மீ. நகல்தான் நம் கைகளுக்குப் பாந்தம்.

கல்லில் மூன்று தரம். கண்ணாடிக்கல், கல்லின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவில் 5.5தான், நம் தெருப் புழுதியில் இருக்கும் மணலே அதைக் கீறும், சில மாதங்களில் பளபளப்பு போகும். பெரும்பாலும் பின்னால் பளபளத் தாள் வைத்துப் பசையால் ஒட்டியிருப்பார்கள். கை கழுவும்போது தண்ணீர் உள்ளே போனால் கல் மங்கிவிடும், மீட்க வழியில்லை. நீல அமெரிக்கன் டைமண்ட் 8க்கு மேல். தாங்கும், ஆனால் வைரம்போல் ஒளியை வர்ணம் வர்ணமாகச் சிதறடித்து ‘நான் நகல்’ என்று தானே சொல்லிவிடும். ஆய்வகத்தில் வளர்த்த நீலக்கல் 9. சுரங்கக் கல்லின் அதே பொருள், அதே உறுதி. லென்ஸில் பார்த்தால் வளைந்த கோடுகளும் குமிழ்களும் தெரியலாம். வெறும் கண்ணுக்குத் தெரியாது. (நீலம் சனிக்குரிய கல், ஜோசியரைக் கேட்காமல் போடக்கூடாது என்பார்கள் வீட்டில். ஆய்வகக் கல்லுக்கும் அது பொருந்துமா என்பதை ஜோசியர்களே முடிவு செய்யட்டும்.)

உலோகம் 925 வெள்ளி (92.5 சதவீதம் தூய்மை), மேலே ரோடியம் என்ற வெண்ணிற உலோகத்தின் முலாம் என்றால் நல்லது. முலாம் முதலில் தேய்வது உள்ளங்கைப் பக்கம். நகைக்கடையில் மறுபடி போட்டுத் தருவார்கள். பித்தளை என்றால் தேய்ந்த இடம் மஞ்சளாகும், வியர்வையில் விரல் பச்சை பூக்கும்.

பலரும் தவறவிடுவது அளவு. மேல்பாகம் கனம் என்பதால் மோதிரம் சற்றே தளர்ந்தாலும் கல் பக்கவாட்டில் சாய்ந்து அடுத்த விரலை உரசும். விரல் சுற்றளவை மாலையில் அளந்து, மில்லிமீட்டரில் 40ஐக் கழித்தால் இந்திய அளவு: 52 மி.மீ. என்றால் 12. இரண்டு அளவுகளுக்கு நடுவே நின்றால், கணுவைத் தாண்டி இறங்குகிற சிறியதையே எடுங்கள். பெரியது வந்துவிட்டால் உள்பக்கம் இரண்டு சிறு வெள்ளி மணிகளைப் பற்றவைக்கச் சொல்லலாம். வெட்டி ஒட்டுவதைவிடச் செலவு குறைவு.

தினமும் போட வெள்ளியில் ஆய்வகக் கல். ஒரே ஒரு வரவேற்புக்கு என்றால் அமெரிக்கன் டைமண்ட் போதும். கண்ணாடிக்கல் எந்த விலைக்கும் வேண்டாம். பார்சல் வந்ததும் கல்லைக் கவ்வும் கம்பிகள் மேல் பஞ்சைத் தடவிப் பாருங்கள். இழை சிக்கினால் கம்பி தூக்கிக்கொண்டிருக்கிறது: பட்டுப்புடவை ஜரிகையை இழுக்கும், பிறகு கல்லும் விழும். திருப்பி அனுப்பிவிடுங்கள்.