கப்பல் எண்ணா, குலதெய்வமா?

அடுத்தவர் குடும்பத்தின் வேர்களைத் தேடித் தருவது என் தொழில். இடையிடையே வகுப்பும் எடுக்கிறேன். வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: கடல் கடந்து போன பாட்டனின் ஊரைக் கண்டுபிடிக்க எதிலிருந்து தொடங்குவது, ஆவணத்திலிருந்தா, குலதெய்வத்திலிருந்தா?

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆவணம்தான். சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அது முதல் 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான ஒப்பந்தத் தொழிலாளர்கள் அங்கே இறங்கினார்கள். ஆளுக்கு ஓர் எண். அதற்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம். பிற்காலப் பிறப்பு, திருமணப் பதிவுகளிலும் அந்த எண் தலைகாட்டும். அதனால் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது குடும்பக் கதையை அல்ல, பழைய சான்றிதழ் எதிலாவது எண் இருக்கிறதா என்பதைத்தான்.

ஆனால் காதில் விழுந்ததை எழுதிய குமாஸ்தாக்களின் ஏடு அது. முனுசாமி அங்கே மூன்சாமி ஆகிவிட்டார். 'வட ஆற்காடு ஜில்லா' என்று பார்த்ததும் வேலூர் பக்கமே சுற்றுகிறவர்கள் பலர். சித்தூர்ப் பகுதியும் 1911 வரை அந்த ஜில்லாவில்தான் இருந்தது. சாதிப் பத்தியை நான் பென்சிலால்தான் குறித்துக்கொள்வேன். கப்பல் ஏறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் மாற்றிச் சொன்னவர்கள் உண்டு.

சரி, குலதெய்வம்? "எங்க சாமி பச்சையம்மன்" என்பது மட்டும் நினைவில் இருந்தால் அதை வைத்து ஊரைப் பிடிக்க முடியாது. பச்சையம்மன் எத்தனை ஊரில் இருக்கிறாள்! ஊர் தெரிந்த பிறகுதான் கோயில் முந்துகிறது. திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலித்த நோட்டு யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் பங்காளிகள் அத்தனை பேரும் வரிசையாக வந்துவிடுவார்கள். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கத்தால், ஆவணத்தை மட்டும் பார்க்கிறவர் இரண்டு கருப்பன்களை ஒருவராக்கிவிடுவார். ஊர்ப் பெரியவர் அந்தத் தப்பைச் செய்யமாட்டார்.

அந்த நோட்டில் பெண்கள் மட்டும் இருக்கமாட்டார்கள். தலைக்கட்டு என்றால் ஆண்தானே. கப்பல் பட்டியலில் நிலைமை வேறு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று விதி இருந்ததால் பெண்களும் ஏறினார்கள். அவர்களுக்கும் தனி எண், தகப்பன் பெயர், ஊர். பூட்டியின் ஊரைத் தேடுகிறீர்களா? கோயிலைவிடக் குமாஸ்தாவை நம்புங்கள்.

இலங்கைத் தோட்டங்களுக்கும் மலாயாவுக்கும் கங்காணி, அதாவது தோட்டத்துக்கு ஆள் சேர்த்த மேஸ்திரி, வழியே போனவர்கள் விஷயத்தில் எல்லாம் தலைகீழ். நேட்டால் மாதிரி ஆளுக்கொரு எண்ணும் ஊரும் எழுதிய ஏடு கையில் கிடைக்காது. ஆனால் கங்காணி பெரும்பாலும் தன் ஊரையும் உறவையும் சேர்த்தே கூட்டிப் போனார். ஆகவே கங்காணியின் ஊர் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களிடம் அப்போது கொடுத்த குடும்ப அட்டை இருந்தால் அதையும் பார்ப்பேன். ஆனாலும் முதல் கேள்வி சாமியைப் பற்றியதுதான், லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) பக்கத்துக் காம்பராக்காரர்கள், அதாவது அடுத்த அறைக்காரர்கள், யாரைக் கும்பிட்டார்கள் என்பது உட்பட.

செலவைப் பார்த்தால் ஆவணம் மலிவு, சில மாலைகளில் ஒரு முடிவு தெரிந்துவிடும். ஊருக்குப் போவதில் பயணச் செலவு மட்டுமில்லை, சந்தேகமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து பங்காளி வருகிறார் என்றதும், "சொத்துல பங்கு கேப்பாரோ?" என்ற கண்ணோடுதான் பார்ப்பார்கள். அதனால் முதல் தடவை வாடிக்கையாளரை அழைத்துப் போகமாட்டேன். தனியாகப் போய்க் கோயிலில் உட்கார்ந்து பேசுவேன். பட்டா, சிட்டா என்ற சொற்களை வாயிலேயே எடுக்கமாட்டேன்.